துரும்பு முதல் தீர்ப்பாணை வரை



விவாகரத்து வாங்குவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்றுதான் மலர்க் குழுவில் கேட்டார்கள். சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராக இருப்பதால் என் தலையில் கட்டினார்கள். எப்படி என்று மட்டும் சொல்வதானால் இரண்டு பக்கமே அதிகம். ஆனால் நம் குழுக் கூட்டங்களில் வருகிற கேள்விகள் வேறு மாதிரி. "ஊர்ல பேசி அத்துவிட்டாச்சே, அப்புறம் எதுக்குக் கோர்ட்டு?" "அவரு கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு, நான் என்ன செய்ய?" "அடிக்கிறான்னு சொன்னா போதுமா?" இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஐம்பது, நூறு வருஷக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் கோர்ட் வாசலில் நிற்கும்போது பயம் பாதியாகக் குறையும். அதனால் பழைய கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் பாட்டிமார் காலத்தில் தீர்த்துவிடுவது என்பது புதிதில்லை. எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-ல் ஏழு பெரிய புத்தகங்கள் போட்டார். அதில் மதுரைப் பக்கத்து வழக்கம் ஒன்றை எழுதியிருக்கிறார். சாதிக்காரர் முன்னிலையில் புருஷன் பெண்சாதி கையில் ஒரு துரும்பைக் கொடுப்பானாம், அதோடு உறவு அறுந்ததாம். துரும்பு கொடுத்தான் என்றால் விலக்கினான், துரும்பு வாங்கினாள் என்றால் விலகினாள் என்றே பொருளாம். ஒரு வைக்கோல் துண்டு, அவ்வளவுதான். அத்துவிடுறது, தீர்த்துக்கட்டுறது என்று ஊருக்கு ஒரு பேச்சு இன்றைக்கும் நம்மிடம் இருப்பது அந்த வழக்கத்தின் மிச்சம்தான்.

விவாகரத்து என்பது சினிமாவும் பட்டணமும் கொண்டுவந்த கேடு என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். உழைக்கிற சாதிகள் பலவற்றில் விலகவும் மறுபடி கட்டிக்கொள்ளவும் வழி இருந்தது. இல்லாமல் இருந்தது சாஸ்திரப்படி கல்யாணம் செய்தவர்களுக்குத்தான். பின்னால் வெள்ளைக்காரன் கோர்ட்டுகள் சாஸ்திரத்தையே எல்லாருக்குமான சட்டமாக எடுத்துக்கொண்டன. வழக்கம் வேறு என்று சொல்கிறவர் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

துரும்பு வழக்கத்தைப் பெருமையாகவும் நான் சொல்லவில்லை. பேசித் தீர்க்க உட்கார்ந்தவர் எல்லாரும் ஆண்கள். பரிசப் பணம் யாருக்குத் திரும்ப வேண்டும் என்று பேசுவார்கள். அவள் நாளைக்கு எதைச் சாப்பிடுவாள் என்ற பேச்சு எழுவது அபூர்வம்.

வழி இல்லாதவர்கள் பட்ட பாட்டுக்கு ரக்மாபாய் கதை ஒன்று போதும். பம்பாய்க்காரர். பதினோரு வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் அவர் புருஷன் வீட்டுக்குப் போய் வாழவே இல்லை, தாய் வீட்டிலேயே இருந்து படித்தார். வயது வந்த பிறகு "என் மனைவியை என்னோடு அனுப்பு" என்று 1884-ல் தாதாஜி வழக்குப் போட்டார். முதலில் விசாரித்த நீதிபதி பின்ஹே 1885-ல் ரக்மாபாய் பக்கம் தீர்ப்புச் சொன்னார். விருப்பமில்லாத பெண்ணைப் பிடித்து அனுப்புகிற இந்த வழக்கு இங்கிலாந்துச் சரக்கு, இந்து சட்டத்தில் இதற்கு இடம் இல்லை என்பது அவர் வாதம். அப்பீலில் அது தலைகீழானது. 1887 மார்ச்சில் வந்த உத்தரவு: புருஷனோடு போய் இரு, இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில்.

ரக்மாபாய் ஜெயிலுக்குப் போகத் தயார் என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் இப்படிச் சேர்ந்து வாழ மறுத்ததற்கு ஜெயில் என்பதை 1884-லேயே எடுத்துவிட்டார்கள். தங்கள் வீட்டில் தூக்கிப்போட்டதை இங்கே வைத்திருந்தார்கள். ஊர் முழுக்கப் பேச்சாகி, கடைசியில் 1888-ல் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்துச் சமரசம் ஆனது. உத்தரவை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கமாட்டேன் என்று தாதாஜி ஒப்புக்கொண்டார். ரக்மாபாய் லண்டன் போய் டாக்டருக்குப் படித்து வந்து பல வருஷம் சூரத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். கவனியுங்கள், அவருக்கு விவாகரத்து கிடைக்கவில்லை. கொடுக்க அப்போது சட்டமே இல்லை. அவர் இறந்தது 1955 செப்டம்பரில். இந்துக்களுக்கு நாடு முழுக்க விவாகரத்து தருகிற சட்டம் வந்தது அதே 1955 மே மாதம்.

அந்த வழக்கு இன்னும் சாகவில்லை. சேர்ந்து வாழக் கோரும் மனு என்று இந்து திருமணச் சட்டம் 9-ஆம் பிரிவில் இன்றைக்கும் இருக்கிறது. நடிகை சரிதா வழக்கில் 1983-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் செல்லும் என்று சொல்லிவிட்டது. இப்போது ஜெயில் கிடையாது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அப்படி ஒரு உத்தரவு வந்து ஒரு வருஷம் சேர்ந்து வாழாவிட்டால், அதையே காரணமாக வைத்து விவாகரத்து கேட்கலாம். நம் சகோதரிகள் சிலர் "சேர்ந்து வாழத்தானே கூப்பிட்டிருக்காரு" என்று அந்த நோட்டீசைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் குறித்த தேதியில் போய் நிற்க வேண்டும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டதோடு, விவாகரத்து உரிமையும் வேண்டும் என்று போட்டார்கள். அப்போது அதைப் படித்துச் சிரித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இருபது வருஷத்தில், 1949-ல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுக்கவும் விவாகரத்து தரவும் தனிச் சட்டம் கொண்டுவந்தது. டெல்லிச் சட்டத்துக்கு ஆறு வருஷம் முந்தியது.

டெல்லியில் அம்பேத்கர் சட்ட மந்திரியாக இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காகப் போராடினார். இழுத்தடித்தார்கள். 1951-ல் ராஜினாமா செய்தார், அதற்கு அவர் சொன்ன காரணங்களில் இந்த மசோதா ஒன்று. பிறகு அதையே துண்டு துண்டாகப் பிரித்து நிறைவேற்றினார்கள். முதல் துண்டுதான் 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம்.

அந்தச் சட்டம் முதலில் வந்தபோது அடி உதை விவாகரத்துக்குக் காரணமே இல்லை. கொடுமை என்றாலும், கைவிட்டுப் போனான் என்றாலும் "நீதிமன்றப் பிரிவு" மட்டும்தான் கேட்கலாம். பிரிந்திருக்கலாம், ஆனால் இன்னமும் அவன் மனைவி. அந்த உத்தரவு வாங்கி இரண்டு வருஷம் சேராமல் இருந்தால் அப்புறம் விவாகரத்துக்கு மனுப் போடலாம். மனுப் போடவே கல்யாணமாகி மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். 1976-ல்தான் திருத்தினார்கள். கொடுமையும், இரண்டு வருஷம் தொடர்ந்து கைவிடுவதும் நேரடிக் காரணங்களாயின. மூன்று வருஷம் ஒரு வருஷமானது. இருவரும் சம்மதித்துப் பிரிகிற வழி, 13-பி பிரிவு, அப்போதுதான் சேர்ந்தது. ஆகவே "அடிக்கிறான்னு சொன்னா போதுமா" என்பதற்கு 1976 முதல் பதில் இருக்கிறது: காரணம் ஆகும், ஆனால் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீசில் கொடுத்த புகாருக்கு வாங்கிய சி.எஸ்.ஆர். ரசீது, பார்த்த அக்கம்பக்கத்தார், போனில் வந்த மெசேஜ், எதையும் அழிக்காதீர்கள். உடம்பில் கை வைக்காத கொடுமையும் கொடுமைதான் என்று கோர்ட்டுகள் பல தீர்ப்பில் சொல்லிவிட்டன.

மற்ற மதத்துச் சகோதரிகள் கதை இன்னும் நீளம். கிறிஸ்தவர்களுக்கு 1869-லேயே சட்டம் இருந்தது. ஆனால் புருஷனுக்கு மனைவியின் கள்ளத்தொடர்பு மட்டும் போதும். மனைவிக்கு அது போதாது, கூடவே கொடுமையோ கைவிடுதலோ நிரூபிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை 2001 வரை, நூற்றி முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது என்றால் நம்புவீர்களா? முஸ்லிம் பெண்கள் கோர்ட்டில் விலக்குக் கேட்க 1939-ல் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் செலவுக்குக் கொடுக்காவிட்டால், நாலு வருஷம் ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் கேட்கலாம், இன்னும் பல காரணங்கள் உண்டு. ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது செல்லாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019-ல் அது குற்றமானது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் மற்றவர் மாதிரியே குற்றவியல் சட்டத்தின்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024-ல் மறுபடியும் உறுதிப்படுத்தினார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி, பெயர் வேண்டாம். பல வருஷம் முன்பு ஊரில் பேசி இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதினார்கள். "இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை, நான் எதுவும் கேட்க மாட்டேன்" என்று. நாலு பேர் சாட்சி. நாற்பதாயிரம் ரூபாய் கையில் கொடுத்தார்கள். அவரும் முடிந்தது என்று நினைத்து, கூலி வேலை பார்த்து, குழுவில் கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைத்தார். அந்த ஆள் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். பிறகு ஒரு விபத்தில் இறந்துபோனான். வாரிசுச் சான்றிதழுக்கு இரண்டு வீட்டிலிருந்தும் மனுப் போனது. இவரைப் பார்த்து "நீதான் எழுதிக் கொடுத்துட்டியே" என்றார்கள். இரண்டாவதாக வந்தவளைப் பார்த்து "முதல் கல்யாணம் கோர்ட்டில் முறியலையே" என்றார்கள். இருவரையும் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். பத்திரம் எழுதியவர்களில் ஒருவர்கூட அந்த வராண்டாவுக்கு வரவில்லை.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். 1955 சட்டம் வழக்கப்படியான விலக்கை ஒழிக்கவில்லை. 29-ஆம் பிரிவில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் சமூகத்தில் இப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்தது என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பத்திரத்துக்கு மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிரூபிப்பது லேசில்லை. நோட்டரி முத்திரை வைத்தாலும், ஸ்டேஷனில் எழுதி வாங்கினாலும், ரிஜிஸ்தர் ஆபீசில் பதிந்தாலும் அதனாலேயே அது விவாகரத்து ஆகிவிடாது. பத்திரத்தை நம்பி நீங்கள் மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது என்று நாளைக்கு அவனே சொல்வான். தெலங்கானாவில் ஒரு பெண்ணுக்கு நடந்தது அதுதான். முதல் புருஷனிடம் எழுதி வாங்கிக்கொண்டு பிரிந்து, இரண்டாவது கல்யாணம் செய்தார். ஜீவனாம்சம் கேட்டபோது, முதல் கல்யாணம் சட்டப்படி முடியவில்லை, நீ என் மனைவியே இல்லை என்றான் இரண்டாமவன். எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டவன் அவன். 2025 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு ஜீவனாம்சம் உண்டு என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஏறி இறங்கிய வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்?

இதன் மறுபக்கமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பத்திரம் விவாகரத்து இல்லை என்றால், எழுதிக் கொடுத்தவர் இன்னும் மனைவிதான். அந்தச் சகோதரிக்கும் பங்கு உண்டு என்றுதான் எங்கள் சட்டப் பணிகள் குழு வக்கீல் மனுத் தயாரித்தார். வழக்கு நடக்கிறது.

இப்போது நடைமுறை. இலவச வக்கீலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பணம் இல்லை என்றுதான் எல்லாரும் பத்திரத்துக்குப் போகிறோம். 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண் என்றாலே இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கேட்கக் கூடாது. தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆதார், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, பிள்ளைகள் பிறப்புச் சான்று கொண்டுபோங்கள். கல்யாணம் பதிவாகவில்லை என்று பயப்பட வேண்டாம், பத்திரிகையும் சாட்சியும் வைத்து நிரூபிக்கலாம்.

மனு போடுவது குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில். முன்பெல்லாம் கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிராளி இருக்கிற ஊர் என்றுதான் போக வேண்டும். கோயம்புத்தூரில் வாழ்ந்துவிட்டுத் தாய் வீடு வந்தவள் வாய்தாவுக்கு வாய்தா கோயம்புத்தூருக்கு பஸ் ஏற வேண்டும். 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் இப்போது குடியிருக்கிற இடத்திலேயே போடலாம்.

மனு போட்டதும் எதிராளிக்கு நோட்டீஸ் போகும். வந்தால் முதலில் சமரசம் பேச அனுப்புவார்கள். அங்கே சேர்ந்து வாழு என்று அழுத்தினால், மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லலாம், அது குற்றம் இல்லை. வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு ஆகும். இது நமக்கு எதிராகவும் நடக்கும்: நீங்கள் போகாமல் இருந்து உங்களுக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி ஆனது தெரிந்தால், முப்பது நாளுக்குள் அதை நீக்க மனுப் போட வேண்டும். சமரசம் ஆகாவிட்டால் எதிர்மனு, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு. இத்தனை மாதத்தில் முடியும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். ரகசியமாக விசாரிக்கக் கேட்டால் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிப்பார்கள்.

வழக்கு நடக்கும் காலத்துக்கே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். தனியாகவும் கேட்கலாம். முன்பு 125 என்று எல்லாரும் சொன்ன பிரிவுக்கு 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் எண் 144. அதில் மாதம் ஐந்நூறுக்கு மேல் தரக்கூடாது என்ற உச்சவரம்பு 2001 வரை இருந்தது, இப்போது வரம்பு இல்லை. வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இருவரும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவன் எங்கே வேலை பார்க்கிறான், வண்டி என்ன, நிலம் எத்தனை சென்ட் என்று உங்களுக்குத் தெரிந்ததை வக்கீலிடம் எழுதிக் கொடுங்கள். தாய் வீட்டில் போட்ட நகை உங்கள் சொத்து. அவர்களிடம் இருந்தால் திரும்பக் கேட்க உரிமை உண்டு, 1985-லேயே தீர்ப்பு இருக்கிறது.

"கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு" என்பதற்குப் பதில்: அவர் கையெழுத்து தேவைப்படுவது சம்மத விவாகரத்துக்கு மட்டும். காரணம் காட்டி நீங்கள் போடும் மனுவுக்கு அவர் சம்மதம் தேவையில்லை.

சம்மத விவாகரத்தில் ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். சேர வழியே இல்லை, எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்றால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்புக்கு முன் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், இது 1991-லிருந்து இருக்கிறது. தொகை, நகை, பிள்ளை யாரிடம், படிப்புச் செலவு யார் எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். "கையெழுத்துப் போடு, பணம் அப்புறம் தர்றோம்" என்பதுதான் நான் அதிகம் பார்த்த ஏமாற்று. தொகையை டிடியாக, கோர்ட்டில், இரண்டாம் முறை வரும் நாளில் வாங்குவதாக எழுதிக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்த அன்றே மறுமணம் கூடாது, மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு இரண்டு பிரதி வாங்கி வையுங்கள். ஒன்றை லேமினேட் செய்துவிடாதீர்கள், சில ஆபீஸ்களில் வாங்க மாட்டார்கள். அதைக் கொண்டுதான் ரேஷன் கார்டில் பெயர் பிரிப்பது, பாஸ்போர்ட் எல்லாம். அப்படியே வங்கிக் கணக்கிலும், இன்சூரன்சிலும், நம் குழுப் பதிவேட்டிலும் நாமினி யார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். போன வருஷத் தணிக்கையில் பார்த்தபோது, தீர்ப்பு வாங்கி நாலு வருஷமான மூன்று பேருக்கு நாமினியாக இன்னும் பழைய கணவர் பெயரே இருந்தது.